‘லிட்டிஜியஸ்’ என்று எழுதிவிட்டார்கள், கேஸ் போடலாமா?

கொங்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற 61 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால் விட்டுவிடுகிறேன்.

அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஐந்தடிச் சந்து ஒன்று. அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்ட பத்திரத்தில் அது இருவருக்கும் பொதுப் பாதை என்று எழுதியிருக்கிறது. சித்தப்பா மகன் தன் பங்கு வீட்டை 2006-ல் வேறொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் இரண்டு மாதத்துக்கு முன் சந்துக்குள் மாடிப்படிக்கு அஸ்திவாரம் தோண்டினார். வாய்ப்பேச்சு முற்றி, நம் வாசகர் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப, ஆங்கிலத்தில் ஏழு பக்கத்துக்குப் பதில் நோட்டீஸ் வந்தது. அதில் ஒன்பதாவது பத்தி, இவர் இயல்பிலேயே ‘லிட்டிஜியஸ்’ ஆனவர், யார் மேலாவது வழக்குப் போடுவதையே பழக்கமாக வைத்திருப்பவர் என்கிறது.

கைப்பேசி அகராதியில் பார்த்தால் ஒன்று ‘வழக்காடும் இயல்புள்ள’ என்கிறதாம், இன்னொன்று ‘சச்சரவுக்குரிய’ என்கிறதாம். டீக்கடையில் படித்துக் காட்டியபோது நண்பர் ஒருவர், “கோர்ட்ல உங்களை பிளாக்லிஸ்ட் பண்ணப் போறாங்க” என்று பயமுறுத்தியிருக்கிறார். மனைவியோ சிரித்துவிட்டு, “இதுல பொய் என்ன இருக்கு?” என்றாராம். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது அவர் கேட்பவை: அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அது வசவா? 10 லட்சம் கேட்டு மானநஷ்ட வழக்குப் போடலாமா? இப்படி எழுதிவிட்டால் நீதிபதி என் வழக்கைத் தூக்கி எறிந்துவிடுவாரா? 15 நாளில் மறுப்பு அனுப்பாவிட்டால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமா?

அன்புள்ள ஐயா,

நோட்டீஸின் ஏழு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியதற்கு நன்றி. கடிதத்தைவிட அந்தப் படங்கள்தான் எனக்கு அதிகம் சொல்லின. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்களைத் தூங்கவிடாத அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம்.

சொல்லுக்கு என்ன பொருள்?

லத்தீனில் ‘லிஸ்’ என்றால் தகராறு, வழக்கு. சொத்து வாங்கும்போது ‘லிஸ் பென்டன்ஸ்’ இருக்கிறதா என்று வக்கீல்கள் கேட்பார்களே, அந்த லிஸ்தான். நிலுவையில் உள்ள வழக்கு என்று பொருள். 1882-ம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவு அதைப் பற்றியது. இதே வேரிலிருந்துதான் லிட்டிகேஷன் (வழக்கு நடத்துதல்), லிட்டிகன்ட் (வழக்காடுபவர்), லிட்டிஜியஸ் என்கிற மூன்றும் வந்தன. முதல் இரண்டில் குற்றம் குறை எதுவும் இல்லை. கோர்ட் வாசலை மிதித்த எல்லோருமே லிட்டிகன்ட்தான், உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் நாளை அப்படித்தான். மூன்றாவதில்தான் வாலில் கொஞ்சம் காரம் இருக்கிறது. வழக்குப் போடுவதில் ஆசை உள்ளவர், பேசி முடிக்கக்கூடியதற்கும் கோர்ட்டுக்குக் கிளம்புகிறவர் என்று பொருள். எங்கள் கோர்ட் குமாஸ்தாக்கள் ‘கேஸ் பைத்தியம்’ என்று சொல்வதை ஆங்கிலக்காரர்கள் கோட்டு மாட்டிச் சொன்னால் லிட்டிஜியஸ்.

அகராதிகள் இரண்டு விதமாகச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஆளுக்கும் வரும், தகராறில் உள்ள பொருளுக்கும் வரும். வழக்கில் கிடக்கும் நிலத்தையும் அந்தக் காலத்தில் இதே சொல்லால் குறித்தார்கள். ‘சச்சரவுக்குரிய’ என்பது அந்தப் பழைய பொருளின் மிச்சம். இன்றைக்கு ஆளையோ, கம்பெனியையோ, சில நேரம் ஒரு சமூகத்தையோதான் அப்படிச் சொல்கிறார்கள்.

இதன் சொந்தக்காரச் சொற்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எதைச் சொன்னாலும் எதிர்வாதம் பேசுபவர் ஆர்க்யுமென்டேட்டிவ். அவர் டீக்கடையோடு நின்றுவிடுவார், முத்திரைத்தாள் வாங்கப் போகமாட்டார். கைகலப்புக்கும் தயாராக நிற்பவர் பெலிஜரன்ட். அந்தச் சொல்லுக்குள் போரே இருக்கிறது. கன்டென்ஷியஸ் என்பதை ஆளைவிட விஷயத்துக்கே அதிகம் சொல்வார்கள். உயில் வழக்கில் யாராவது ஆட்சேபித்தால் 1925-ம் வருட வாரிசுரிமைச் சட்டம் அதை ‘கன்டென்ஷியஸ்’ வழக்கு என்றுதான் சொல்கிறது, அங்கே அது யாரையும் திட்டவில்லை. நீங்கள் கடிதத்தில் “சண்டைக்காரன் என்று எழுதிவிட்டார்கள்” என்கிறீர்கள். அது வேறு சொல். லிட்டிஜியஸ் ஆனவர் குரலை உயர்த்தாமலே ஊரில் பாதிப் பேருக்கு சம்மன் அனுப்பக்கூடியவர்.

ஆக, அது வசவா? பாராட்டு இல்லை என்பது நிச்சயம். ஆனால் உங்களைப் பொய்யர் என்றோ மோசடிக்காரர் என்றோ அது சொல்லவில்லை. நோட்டீஸ் எழுதும் வக்கீல்களின் பெட்டியில் இப்படி ஏழெட்டுச் சொற்கள் எப்போதும் இருக்கும். நானும் எடுத்து வீசியிருக்கிறேன், மறைப்பானேன்.

மானநஷ்ட வழக்கு

போட உங்களுக்கு உரிமை இருக்கிறது. போட வேண்டாம் என்பது என் கருத்து.

நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கு என்றால், எழுத்து வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். 10 லட்சம் கேட்டால் தமிழ்நாட்டில் 3 சதவீதக் கணக்குப்படி கோர்ட் கட்டணமே 30,000 ரூபாய். குற்ற வழக்கு என்றால் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 499, 500 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அபராதம், அல்லது சமூக சேவை என்று தண்டனை சொல்லியிருக்கிறது.

இரண்டிலும் முதல் படியிலேயே ஒரு தடுக்கல் இருக்கிறது. அவதூறு என்றால் அது மூன்றாம் மனிதர் காதுக்குப் போயிருக்க வேண்டும். இந்த நோட்டீஸ் உங்கள் வக்கீலுக்கு வந்தது, அவர் உங்களிடம் கொடுத்தார். டீக்கடையில் உரக்கப் படித்துக் காட்டியது நீங்கள்தான், ஐயா. அதற்கு அடுத்த வீட்டுக்காரர் பொறுப்பாக மாட்டார். அதையும் தாண்டினால், தன் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னதற்குச் சட்டத்திலேயே விதிவிலக்கு உண்டு. நாளை வழக்கு நடக்கும்போது எதிருரையில் இதே சொல்லை அவர்கள் எழுதினாலும் நஷ்டஈடு கேட்க முடியாது. கோர்ட்டில் தாக்கலாகும் வாதங்களுக்கு சிவில் சட்டத்தில் முழுப் பாதுகாப்பு இருக்கிறது. குற்ற வழக்கில் பாதுகாப்பு அந்த அளவுக்கு இல்லை என்றாலும் நல்லெண்ண விதிவிலக்கு அங்கேயும் வரும். எழுத்து அத்துமீறி ஆபாசமாகவோ தேவையில்லாமலோ போனால், அந்தப் பகுதியை நீக்கச் சொல்லி சிவில் நடைமுறைச் சட்டத்தின் 6-வது கட்டளை 16-வது விதியின் கீழ் மனுப் போடலாம். இந்த ஒரு சொல்லுக்காக எந்த முன்சீப்பும் நீக்க உத்தரவு போடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ‘இவர் எதற்கெடுத்தாலும் வழக்குப் போடுபவர்’ என்று எதிரி சொல்கிறார். அதற்குப் பதிலாக நீங்கள் ஒரு வழக்குப் போடுகிறீர்கள். அவர் வக்கீல் அந்த சம்மனை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்வார்.

நீதிபதி என்ன நினைப்பார்?

பிளாக்லிஸ்ட் என்று உங்கள் நண்பர் சொன்னது முழுக் கற்பனை இல்லை. எங்கேயோ அரைகுறையாகக் கேட்டிருக்கிறார். 1949-ல் அன்றைய சென்னை மாகாணத்துக்கென்றே வம்பு வழக்குகளைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இன்றும் அது தமிழ்நாட்டில் உண்டு. அதில் வரும் ஆங்கிலச் சொல் ‘வெக்ஸேஷியஸ்’. லிட்டிஜியஸ் என்பது ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொல்லும் அபிப்பிராயம். வெக்ஸேஷியஸ் என்று உத்தரவாகிவிட்டால் அதற்குச் சட்ட விளைவு இருக்கிறது. இந்த இரண்டையும்தான் டீக்கடையில் கலந்துவிட்டார்கள்.

அந்த உத்தரவு சும்மா வந்துவிடாது. மாநில அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரல் உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நியாயமான காரணம் இல்லாமல், வழக்கமாகவே, வம்பு வழக்குகளைப் போடுகிறார் என்று நீதிமன்றம் திருப்தி அடைய வேண்டும். சம்பந்தப்பட்டவரின் தரப்பையும் கேட்க வேண்டும். அப்படி உத்தரவானாலும் கோர்ட் கதவு மூடப்படுவதில்லை. சென்னை நகரத்தில் வழக்குப் போட உயர் நீதிமன்றத்திடமும், மற்ற இடங்களில் மாவட்ட நீதிபதியிடமும் முன் அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். இது வழக்காடும் உரிமையைப் பறிக்கிறது என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1965-ல் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. இங்கிலாந்தில் 1896-ல் வந்த இதே மாதிரிச் சட்டத்துக்குக் காரணமானவர் அலெக்சாண்டர் சேஃபர்ஸ் என்கிற சொலிசிட்டர். பெரிய பெரிய ஆட்கள் மேல் வழக்குக்கு மேல் வழக்காகப் போட்டுப் பார்லிமென்டையே சட்டம் போட வைத்தவர். அவர் எங்கே, நீங்கள் எங்கே.

உங்கள் கணக்கையும் பார்த்துவிடுவோம். தண்ணீர் மோட்டார் விற்ற கடை மேல் நுகர்வோர் வழக்கு, ஜெயித்துப் பணம் திரும்ப வந்தது. கடன் வாங்கிய நண்பரின் செக் திரும்பியதற்கு 138 கேஸ், சமரசத்தில் முடிந்தது. தோட்டத்துக்காக அண்ணன் மேல் பாகப் பிரிவினை வழக்கு, வாபஸ் வாங்கினீர்கள். பதினோரு வருடத்தில் மூன்று. இதில் காரணமே இல்லாத வழக்கு எது? சாக்கடைக்காகப் போட்ட ஒன்பது தகவல் உரிமை மனுக்களையும் வழக்குகளோடு சேர்த்து எண்ணிப் பயந்திருக்கிறீர்கள். அவை வழக்கே இல்லை. 10 ரூபாய் கட்டி, காரணம்கூடச் சொல்லாமல் கேட்க 2005-ம் வருடச் சட்டம் கொடுத்த உரிமை. (ஒரே சாக்கடைக்கு ஒன்பது கொஞ்சம் அதிகம்தான். உங்கள் மனைவி சிரித்தது அதை நினைத்தாக இருக்கலாம்.)

சிவில் வழக்கில் ஒருவர் குணம் எப்படிப்பட்டது என்பதை வைத்து, இதை அவர் செய்திருப்பார், செய்திருக்கமாட்டார் என்று முடிவுகட்டக் கூடாது. சாட்சியச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பழைய சட்டத்தில் 52-வது பிரிவு, புதியதில் 46. ஆனால் குறுக்கு விசாரணையில் உங்கள் நம்பகத்தன்மையை அசைக்க, “சொந்த அண்ணன் மேலேயே கேஸ் போட்டவர்தானே நீங்கள்?” என்று நிச்சயம் கேட்பார்கள். அப்போது கோபப்பட்டால் அவர்களுக்கு வேலை சுலபம். “ஆமாம், போட்டேன். பேசி முடிந்ததும் வாபஸ் வாங்கினேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள். மூன்று வழக்கையும் மறைக்காமல், நம்பர், வருடம், முடிவு என்று ஒரு தாளில் எழுதி உங்கள் வக்கீலிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள். கட்சிக்காரர் மறைத்த பழைய கேஸை எதிர்த்தரப்பு வாயிலிருந்து கேட்கும் வக்கீலின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டியதில்லை.

ஒன்பதை விடுங்கள், பதினொன்றைப் படியுங்கள்

இப்போது அந்தப் படங்களுக்கு வருகிறேன். ஒன்பதாவது பத்தியில் ‘லிட்டிஜியஸ்’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் மூன்று கோடு போட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கோட்டில் தாளே கிழிந்திருக்கிறது. அதே பக்கத்தில் இரண்டு பத்தி தள்ளிப் பதினொன்றாவது இருக்கிறது. அதில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

அந்தப் பத்தியின் சாரம் இது: அப்படி ஒரு பொதுப் பாதையே இல்லை, 2006-ல் வீடு வாங்கிய நாளிலிருந்து சந்து முழுவதையும் அவர் மட்டுமே, உங்களுக்குத் தெரிந்தே, தடையில்லாமல் அனுபவித்து வருகிறார். இதை எழுதியவர் சும்மா எழுதவில்லை. 12 வருடத்துக்கு மேல் எதிரிடை அனுபவம், அதாவது அடுத்தவர் இடத்தைத் தனதென்று வெளிப்படையாக இத்தனை காலம் அனுபவித்ததால் அது தனக்கே சொந்தம் என்ற வாதத்துக்கு அடித்தளம் போடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் சந்தில் தோண்டிய அஸ்திவாரத்தைவிட இது ஆழமானது. உங்கள் வழக்கு இங்கேதான் ஜெயிக்கும் அல்லது தோற்கும்.

மதுரையில் கண்ணகி வந்து நின்றபோது வாயிற்காவலன் அரசனிடம் ஓடிப்போய் அவளைப் பற்றி என்னென்னவோ சொன்னான். கோபக்காரி என்றான், கொற்றவையும் இல்லை, காளியும் இல்லை என்றெல்லாம் பயந்து உளறினான். அவள் அதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சிலம்பை உடைத்தாள், உள்ளே இருந்தது மாணிக்கம். அரசி சிலம்பில் இருந்தது முத்து. அந்தப் பகுதிக்கே வழக்குரை காதை என்றுதான் பெயர். உங்கள் எதிரியின் ஒன்பதாவது பத்தி காவலன் பேச்சு. உங்கள் சிலம்புக்குள் என்ன இருக்கிறது என்பதை எடுத்து வையுங்கள்.

என்ன இருக்கிறது? பாகப் பத்திரம், முதலில். அடுத்தது சித்தப்பா மகன் 2006-ல் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகல். அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள். அதன் நான்கெல்லை விவரத்தில் ‘மேற்கே பொதுப் பாதை’ என்றோ அதுபோலவோ இருந்தால் எதிரி தன் பத்திரத்தாலேயே மாட்டிக்கொண்டார். அப்புறம் நில அளவைப் புலப்படம். கடைசியாக, இந்த இருபது வருடமும் நீங்கள் அந்தச் சந்தைப் பயன்படுத்தியதற்கு அடையாளங்கள். கொல்லைப்புறக் கதவு சந்தில்தான் திறக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முக்கியம், ஐயா. இன்றைய செய்தித்தாளைக் கதவோரம் பிடித்தபடி நான்கைந்து படம் எடுத்து வையுங்கள். தண்ணீர்க் குழாய் இணைப்பு அந்த வழியாகப் போயிருந்தால் அந்த ரசீதும் வேண்டும்.

15 நாள் கணக்கைப் பற்றி: அது நோட்டீஸ் அனுப்புகிறவர் போட்டுக்கொள்ளும் கெடு. பதில் நோட்டீஸுக்கு மறு பதில் போடாவிட்டால் ஒத்துக்கொண்டதாகி விடாது. ஆனாலும் பதினொன்றாவது பத்தியை எழுத்தில் மறுத்துவைப்பது நல்லது. ஒரு பக்கம் போதும். பாதை பத்திரத்தில் இருக்கிறது, இன்றும் பயன்படுத்துகிறேன், தனி அனுபவம் என்பது பொய். ஒன்பதாவது பத்திக்கு ஒரே வரி: சந்துப் பிரச்சினைக்குச் சம்பந்தமில்லாதது, மறுக்கப்படுகிறது. பதிலுக்கு அவரை ‘நில அபகரிப்பாளர்’ என்று எழுதச் சொல்லி உங்கள் வக்கீலை வற்புறுத்துவதாகச் சொல்கிறீர்கள். வேண்டாம். அவர் மறுப்பது சரிதான்.

கட்டடம் எழும்பிவிட்டால் இடிக்கச் சொல்லி உத்தரவு வாங்குவது பெரும்பாடு. அதனால் ஒரு சொல்லுக்குப் பதில் தேடுவதில் போகும் நேரத்தை இதில் செலவழியுங்கள்: பாதை உரிமையை விளம்பக் கோரி முன்சீப் கோர்ட்டில் வழக்கு, கூடவே இடைக்காலத் தடை மனு, வக்கீல் கமிஷனரை சர்வேயரோடு அனுப்பி அளக்கச் சொல்லும் மனு. முதல் வாய்தாவிலேயே சமரச மையத்துக்கு அனுப்பச் சம்மதம் என்று உங்கள் தரப்பே சொல்லட்டும். படியைத் தன் பட்டா இடத்துக்குள் இரண்டடி நகர்த்திக்கொள்ள அவர் இறங்கி வந்தால் அங்கேயே முடிந்துபோகும். ‘கேஸ் பைத்தியம்’ என்று எழுதியவர்களுக்கு, சமரசத்துக்கு முதலில் கை நீட்டியவர் நீங்கள்தான் என்று கோர்ட் பதிவேட்டில் இருப்பது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். அந்தப் பதில் நோட்டீஸின் மூலப் பிரதி நாளை கோர்ட்டில் சான்றாவணமாகக் குறிக்கப்படும். அதில் இனி எதுவும் கோடு போடாதீர்கள், கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அப்படியே ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வந்த தபால் கவரோடு வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். கோடு போட வேண்டும் என்றால் ஜெராக்ஸ் எடுத்துப் பதினொன்றாவது பத்திக்குப் போடுங்கள்.